ஃபயர் பம்ப் கேபிளுக்குத் தனி வழி எதற்கு?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் அடுக்ககம். 14 மாடி, இரண்டு டவர், 112 வீடுகள். அசோசியேஷனில் நான் பொருளாளர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், கரண்ட் விஷயம் அதிகம் தெரியாது. பேஸ்மென்டில் ஃபயர் பம்ப்புக்குப் போகும் கேபிளை எலி கடித்துப் பாழாக்கிவிட்டது. புதிதாக இழுக்கப் போகிறோம். அதோடு படிக்கட்டு, காரிடார் எமர்ஜென்சி லைட்டுகளுக்கும் ஜெனரேட்டரிலிருந்து புது லைன் வேண்டும். இரண்டையும் ஒரே டிரேயில் (கேபிள்களைத் தாங்கும் தட்டில்) கொண்டுபோய், ஜெனரேட்டர் பேனலில் காலியாக இருக்கும் ஒரே பிரேக்கரிலிருந்து கொடுத்துவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். “ரெண்டும் எமர்ஜென்சிதானே மேடம், எதுக்குத் தனித்தனி?” என்று கேட்கிறார். தனி வழி, தீயைத் தாங்கும் கேபிள் என்று போனால் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கூடுதலாகுமாம். கமிட்டியில் பாதிப் பேர் அவர் பக்கம். உண்மையிலேயே அவசியமா சார்?

பதில்: அவசியம்தான் அம்மா. இரண்டும் எமர்ஜென்சி என்று அவர் சொல்வது சரி. அதனாலேயே இரண்டையும் சேர்க்கக் கூடாது. ஏன் என்று கமிட்டியில் நீங்களே எடுத்துச் சொல்லும்படி விளக்குகிறேன்.

உங்கள் போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைந்தாலோ, மண் அடைத்து மோட்டார் திணறினாலோ, பேனலில் உள்ள ஓவர்லோடு ரிலே அதை நிறுத்திவிடும். மோட்டார் பிழைக்கும், நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஃபயர் பம்ப்புக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு எரியும்போது, மோட்டார் சூடாகிவிட்டது என்று பம்ப் தானாக நிற்கக் கூடாது. சுருள் கருகினாலும் கடைசி நிமிடம் வரை அது தண்ணீர் தள்ள வேண்டும். மோட்டாரைப் பலி கொடுக்கலாம் என்பதுதான் இந்த வயரிங்கின் அடிப்படையே. தீயணைக்கும் கருவிகளுக்குப் போகும் லைனில் ஓவர்லோடு பாதுகாப்பை விட்டுவிடலாம், வேண்டுமானால் அலாரம் மட்டும் வைக்கலாம் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) விதிகள் சொல்கின்றன. அமெரிக்க மின் விதியின் 695-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மோட்டார் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டு இழுக்கும் கரண்டைக்கூட, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் பிரேக்கர் எவ்வளவு நேரமானாலும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது.

இதை உங்கள் பம்ப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். 14 மாடிக்கு மெயின் பம்ப் 75 குதிரைத்திறன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு லோடில் சுமார் 100 ஆம்பியர். ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், சிக்கினால் அதுவே 600 ஆம்பியரைத் தாண்டும். அந்த நிலையிலும் லைனை வெட்டாதே என்று நாமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட கேபிள் எந்த அளவுக்குச் சூடாகும்? அதை ஒட்டியே படிக்கட்டு விளக்குக்குப் போகும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் கிடந்தால் அதன் கதி என்ன? பம்ப் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் கிடக்கும் விளக்கு லைன் உருகிப்போகும். ஜனங்கள் இருட்டில் படி இறங்குவார்கள். மாறாக விளக்கு லைனில் எங்காவது ஷார்ட் ஆகி அங்கே தீப்பொறி பறந்தால் பம்ப் கேபிளின் தோல் போகும். பகையாளிகளைப் பிரித்து வைப்பதுபோல் இதைப் பிரிக்கவில்லை. ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரிக்கிறோம்.

விதி என்ன சொல்கிறது என்று கமிட்டியில் கேட்பார்கள். தேசிய கட்டட விதிகளின் நான்காம் பகுதி தீப் பாதுகாப்புக்கானது. அதன் 2005 பதிப்பிலேயே இது தெளிவாக இருக்கிறது. தண்ணீர் பம்ப், லிஃப்ட், படிக்கட்டு–காரிடார் விளக்கு, புகை ஏறாமல் காற்றைத் தள்ளும் புளோயர், இவை ஒவ்வொன்றுக்கும் மெயின் பேனலிலிருந்து நேரடியாகத் தனி சர்க்யூட் இருக்க வேண்டும், அவை தனித்தனிக் குழாய்களில் போக வேண்டும், ஒன்றில் பிடித்த தீ மற்றதைப் பாதிக்கக் கூடாது. இதில் படிக்கட்டு விளக்கும் பம்ப்பும் ஒரே வரியில், தனித்தனிப் பெயராக நிற்பதைக் கவனியுங்கள். ‘ரெண்டும் எமர்ஜென்சி’ என்ற வாதத்துக்கு அந்த வரியே பதில். அமெரிக்காவிலும் இதே கதைதான். எமர்ஜென்சி விளக்குக்கு 700-வது பிரிவு, ஃபயர் பம்ப்புக்கு 695-வது பிரிவு. இரண்டுமே, தன் ஒயர் வேறு எந்த ஒயரோடும் சேரக் கூடாது என்கின்றன. நம் நாட்டில் கட்டட விதிகள், மாநிலமும் உள்ளாட்சியும் ஏற்றுக்கொள்ளும்போது கட்டாயமாகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் நேரடியாகவே கட்டுப்படுத்தும். ஆகவே, “அதெல்லாம் வெறும் பரிந்துரை” என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

கார்ல்டன் டவர்ஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிற கட்டடம். 2010 பிப்ரவரி 23-ஆம் தேதி அங்கே மின் கேபிள்கள் போகும் டக்டில் பிடித்த தீயின் புகை மாடி மாடியாக ஏறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த வழியாக நான் இப்போதும் அடிக்கடி போகிறேன், ஒவ்வொரு முறையும் கண் தானாக மேலே போகும். நெருப்பு நேராகச் சமையலறையில்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேபிள் டக்டிலேயே வரலாம். அப்படி வரும்போது பம்ப் கேபிளும், விளக்கு கேபிளும், லிஃப்ட் கேபிளும் அதே டக்டில் அடுக்கி வைத்த விறகு மாதிரி கிடந்தால், காப்பாற்ற வேண்டிய அத்தனையும் ஒரே தீயில் போய்விடும்.

இனி அந்த ‘ஒரே பிரேக்கர்’ விஷயம். டிரேயைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

சில வருடங்களுக்கு முன் சர்ஜாபூர் ரோட்டில் ஓர் அடுக்ககத்தில் ஃபயர் பம்ப் பேனலைத் திறந்து பார்த்தேன். கதவைத் திறந்ததும் வலது மூலையில், தடித்த கேபிள் வந்து உட்கார்ந்திருந்த பஸ்பாரின் (மின்சாரம் பாயும் உலோகப் பட்டையின்) ஓரத்தில், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம் என்று மூன்று மெல்லிய ஒயர்கள் லக்கின்மேல் லக் வைத்து முறுக்கப்பட்டிருந்தன. அவை கிளாண்ட் (கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் வளையம்) இல்லாத ஓட்டை வழியாக வெளியே போய், சுவரோரம் நடந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் புளோயருக்குப் போயின. பக்கத்தில் கரண்ட் இங்கேதான் இருந்தது என்று யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த புளோயர் மோட்டாரில் தண்ணீர் இறங்கி எர்த் ஆனது. அன்றைக்கு விழுந்த பிரேக்கர், ஃபயர் பம்ப்பின் பிரேக்கர். பதினோரு நாள் யாருக்கும் தெரியவில்லை. பைப்பில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சின்ன பம்ப்பான ஜாக்கி பம்ப்புக்கு வேறு லைன் இருந்ததால் பைப்பில் அழுத்தம் குறையாமல் நின்றது. கேஜ் முள்ளைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று செக்யூரிட்டி தினமும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு நாளும் அங்கே தீபாவளி சமயம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எமர்ஜென்சி லைட்டுகளையும் பம்ப்பையும் ஒரே பிரேக்கரில் கட்டினால் இதே நிலைதான். ஆறாவது மாடியில் ஒரு லைட் ஃபிட்டிங்கில் மழைத்தண்ணீர் இறங்கினால் போதும், பம்ப் செத்துவிடும். ஜெனரேட்டர் பேனலில் இடமில்லை என்றால் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பேனல் வைக்கச் சொல்லுங்கள். பம்ப்புக்கு ஒரு பிரேக்கர், விளக்குக்கு ஒரு பிரேக்கர். பம்ப் பிரேக்கரிலிருந்து பம்ப்பைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது. பம்ப் அறை எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூட அதில் மாட்டாதீர்கள்.

அந்தப் பிரேக்கரில் நோ-வோல்ட் காயில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வோல்டேஜ் ஒரு கணம் சாய்ந்தாலே பிரேக்கரை விழவைக்கும் காயில் அது. மற்ற இடங்களில் நல்லது. தீ நேரத்தில் வோல்டேஜ் சாயாமல் இருக்காது. ஒரு முறை விழுந்தால் யாராவது புகைக்குள் போய்க் கையால் தூக்கிவிட வேண்டும். அந்தக் காயிலை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தீயணைப்புத் துறையினர் வந்து இறங்கியதும் முதலில் கேட்பது, “மெயினை ஆஃப் பண்ணியாச்சா?” என்பதுதான். அவர்கள் கேட்பது நியாயம். தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் கரண்ட் இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் கட்டடத்தில் மெயின் பிரேக்கருக்குக் கீழே பம்ப் லைன் இருந்தால், மெயினை அணைத்த கையோடு பம்ப்பும் நின்றுவிடும். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பத்தாவது மாடியில் நிற்கிறவருக்குத் தண்ணீர் வராது. வீடுகளுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டினாலும் பம்ப்புக்குப் போவது வெட்டப்படாத மாதிரி, மெயின் பேனலிலேயே அது பிரிந்திருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தின் சிங்கிள் லைன் டயகிராம், அதாவது மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம், அசோசியேஷன் ஃபைலில் இருக்கும். அதில் பம்ப் லைன் எங்கே பிரிகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத கான்ட்ராக்டரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

செலவுக்கு வருகிறேன். 2 லட்சத்து 40 ஆயிரத்தை 112 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,143 ரூபாய். ஒரு மாத மெயின்டனன்ஸைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதையும் குறைக்க ஒரு வழி உண்டு, அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

உங்கள் ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, காம்பவுண்டு ஓரத்தில் இருக்கிறதா? பெரும்பாலான அடுக்ககங்களில் அப்படித்தான். அப்படியானால் பம்ப் கேபிளை ஏன் பேஸ்மென்டுக்குள் நூறு மீட்டர் இழுக்க வேண்டும்? கட்டடத்துக்கு வெளியிலேயே முக்கால் மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டி, மணல் போட்டு, ஆர்மர்டு கேபிளை (இரும்புக் கவசம் சுற்றிய கேபிளை) படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடிவிட்டு, பம்ப் அறையின் வெளிச்சுவர் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். மண்ணைவிட நல்ல தீத்தடுப்பு எனக்குத் தெரிந்து கிடையாது. பேஸ்மென்டில் பத்து கார் எரிந்தாலும் மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. அமெரிக்க விதியும் வெளிவழியை ஏற்கிறது. கட்டடத்துக்குள்ளேதான் போக வேண்டுமென்றால் 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் புதைக்கவோ, இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் ஏற்பாடு செய்யவோ சொல்கிறது. இப்படிச் செய்தால் விலை உயர்ந்த தீ தாங்கும் கேபிள், சுவரைத் தாண்டி பம்ப் பேனல் வரை போகும் அந்தச் சில மீட்டருக்கு மட்டும் போதும். விளக்கு லைன் வழக்கம்போல் உள்ளே, தன் டிரேயில், தன் ஷாஃப்டில் போகட்டும். எலித் தொல்லையும் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, கேபிள் நுழையும் ஓட்டைகளைச் சரியான கிளாண்டும் ஃபயர் சீலன்டும் வைத்து அடைப்பதில் இருக்கிறது.

பேஸ்மென்ட் டிரேயில் போட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இப்போது புதுக் காரணமும் ஒன்று இருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் இன்று எந்தப் பார்க்கிங்கிலும் மின்சாரக் கார் சார்ஜர் இருக்கிறது. அதற்கான கேபிளையும் அதே டிரேயில் ஏற்றிவிடுகிறார்கள். இரவு முழுக்க முழு லோடில் ஓடிச் சூடாகிக்கொண்டிருக்கும் கேபிள் அது.

கெஸ்காமோ பெஸ்காமோ, எந்த மின் நிறுவனத்தின் சப்ளையானாலும், பம்ப்புக்கு இரண்டு பக்கமிருந்து மின்சாரம் வர வேண்டும். ஒன்று மெயின் பேனலில் இருந்து, மற்றொன்று ஜெனரேட்டரிலிருந்து. இரண்டையும் மாற்றிக்கொடுக்கும் சேஞ்ச்ஓவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேனல் அறையில் சேஞ்ச்ஓவரை வைத்து, அங்கிருந்து ஒரே கேபிளைப் பம்ப்புக்கு இழுத்திருந்தால், இரண்டு சப்ளை இருந்தும் வழி ஒன்றுதான். அந்த ஒரு கேபிள் எரிந்தால் இரண்டும் போச்சு. சேஞ்ச்ஓவரைப் பம்ப் அறைக்குள்ளேயே வைத்து, இரண்டு கேபிளும் இரண்டு வழியாக வந்து அங்கே சேர்வதுதான் சரி. புதுக் கேபிள் இழுக்கும் இந்த நேரத்தில் இதையும் மாற்றிக்கொள்வது சுலபம். பிறகு இதற்கென்று யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

கேபிள் வாங்கும்போது ஓர் ஏமாற்றம் நடக்கும். “எஃப்ஆர்எல்எஸ் போட்டிருக்கோம் சார், ஃபயர் கேபிள்” என்பார்கள். எஃப்ஆர்எல்எஸ் என்றால் தீயைப் பரவவிடாது, புகை குறைவாக விடும். அவ்வளவுதான். அந்தத் தீக்குள் அது வேலை செய்யாது, சில நிமிடங்களில் தோல் உருகி ஷார்ட் ஆகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஃபயர் சர்வைவல் கேபிள். ஒரு துண்டு வாங்கி நுனியைச் சீவிப் பாருங்கள். செம்புக் கம்பியின்மேல் நேராக, பளபளவென்று ஒரு மெல்லிய நாடா சுற்றியிருக்கும். மைக்கா நாடா. வெளித்தோலும் உள்தோலும் எரிந்து சாம்பலான பிறகும் அந்த நாடா கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் காக்கும். பிஎஸ் 6387 என்ற பிரிட்டிஷ் தரத்தில் சி, டபிள்யூ, இசட் என்று மூன்று சோதனை. 950 டிகிரி தீயில் மூன்று மணி நேரம், தீயோடு தண்ணீர் தெளித்து, தீயோடு அடித்து அதிரவைத்து. மூன்றும் தேறிய சான்று வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். நீங்கள் வங்கியில் இருந்தவர், காகிதத்தில் இல்லாதது கையில் வராது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிளுக்குச் செலவழித்துவிட்டு அதை பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. டை உருகினால் கேபிள் சரிந்து விழும். 2010-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் என்ற அடுக்குமாடித் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள், பிளாஸ்டிக் பிடிமானம் உருகியதால் சரிந்து விழுந்த கேபிள்களில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டு மின் விதியே மாறியது. இப்போது அங்கே கட்டடம் முழுக்க, தீயில் கேபிள் சரிந்து விழாதபடியான பிடிமானம் கட்டாயம். ஸ்டீல் சேடில், ஸ்டீல் கிளிப் என்று நீங்களும் எழுதிவிடுங்கள். விலை வித்தியாசம் அற்பம்.

கமிட்டியில் யாராவது நிச்சயம், “டீசல் பம்ப் இருக்கே, கரண்ட் பம்ப் போனா என்ன?” என்பார்கள். டீசல் பம்ப் ஸ்டாண்ட்பைதான். அது கிளம்பப் பேட்டரி வேண்டும், அந்தப் பேட்டரியைத் தினமும் சார்ஜ் செய்வது கரண்ட். எலி கடித்த நாளிலிருந்து உங்கள் டீசல் பம்ப்பின் சார்ஜருக்கு மின்சாரம் வருகிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள் அம்மா. இது மற்றதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது.

ஜெனரேட்டரின் திறனையும் விட்டுவிட முடியாது. தேசிய கட்டட விதிகளின் 2016 பதிப்பு, தீப் பாதுகாப்புக் கருவிகள் அத்தனையும் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டை ஜெனரேட்டர் தாங்க வேண்டும் என்கிறது. உங்கள் ஜெனரேட்டர் 125 கேவிஏ என்றால் அதன் முழுத்திறனே சுமார் 174 ஆம்பியர்தான். லிஃப்ட், காரிடார், போர்வெல், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது 75 குதிரைத்திறன் மோட்டார் கிளம்பினால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். பம்ப் கிளம்பும்போது போர்வெல்லும் சுத்திகரிப்பு நிலையமும் தானாகக் கழன்றுகொள்ளும்படி பேனலில் செய்ய முடியும். கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் பில்லைத் தீர்ப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு மெயின் பிரேக்கரை அணையுங்கள். ஜெனரேட்டர் எடுக்கட்டும். படிக்கட்டு விளக்குகள் எரிகின்றனவா என்று இரண்டு பேர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அதே நேரம் மொட்டை மாடி ஹைட்ரன்டைத் திறந்து, மெயின் பம்ப் தானாகக் கிளம்புகிறதா, தண்ணீர் பாய்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்குப் பிரேக்கரை வேண்டுமென்றே இறக்குங்கள். பம்ப் நிற்கக் கூடாது. விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, பம்ப் பிரேக்கரை இறக்குங்கள். விளக்கு சிமிட்டக்கூடக் கூடாது. இந்த இரண்டும் நடந்தால் உங்கள் பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

மின் ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் வரைபடத்தில் புது வழியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பம்ப் பிரேக்கரின்மேல் சிவப்புப் பலகையில், ‘ஃபயர் பம்ப் – தீ நேரத்தில் அணைக்காதே’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இந்தியும் வேண்டும். இரவு ஷிஃப்டில் பேனல் பக்கம் நிற்கிற பையன் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனாக இருப்பான், அவன் படிக்க வேண்டும்.